சூடு தணிந்தால் செல்லை விடுவிக்கும் பூச்சு: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல் கல்ச்சர் (செல்களை உடலுக்கு வெளியே டிஷ்ஷில் வளர்ப்பது) கற்க வருபவருக்கு முதல் வாரத்திலேயே ட்ரிப்சின் போடச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். டிஷ்ஷின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்களை எடுக்க வேண்டுமா? ட்ரிப்சினும் ஈ.டி.டி.ஏ-வும் கலந்த கரைசலை ஊற்று, சில நிமிடம் இன்குபேட்டரில் வை, லேசாகத் தட்டு, கழன்று வந்துவிடும். ஒரு டிஷ்ஷிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இது போதும். ஆனால் ட்ரிப்சின் ஒரு செரிமான நொதி. செல்லின் மேற்பரப்புப் புரதங்களை அது வெட்டுகிறது. செல் தனக்குக் கீழே சுரந்து பரப்பிவைத்த ஃபைப்ரோனெக்டின் போன்ற ஒட்டுப்புரதங்களையும் வெட்டுகிறது. ஈ.டி.டி.ஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் கேட்ஹெரின் பிணைப்பும் அறுந்துபோகிறது. கையில் மிஞ்சுவது தனித்தனிச் செல்கள். அவற்றைப் புண்ணின் மேலோ இதயத்தின் மேலோ வைத்தால் ஒட்டிக்கொள்ள அவற்றிடம் எதுவும் மீதமிருக்காது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்கள் தோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோவின் குழுவினர். வெப்பநிலைக்கேற்ப குணம் மாறும் ஒரு பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறை) கல்ச்சர் டிஷ்ஷின் மேல் மிக மெல்லிசாகப் பிணைத்து, 37 டிகிரியில் செல்களை வளர்த்து, பிறகு டிஷ்ஷைக் குளிரவைத்தார்கள். நொதி எதுவும் தேவைப்படவில்லை. செல்கள் தாமாகவே விட்டு எழுந்தன. முதல் கட்டுரை 1990-இல் வந்தது. 2004-இல் ஒசாகாவின் கண் மருத்துவர் கோஜி நிஷிதா, ஒகானோ குழுவுடன் சேர்ந்து, இரண்டு கண்களிலும் கருவிழிப் பரப்பு கெட்டுப்போன 4 நோயாளிகளுக்கு அவரவர் வாய்க்குள்ளிருந்து எடுத்த சிறு திசுத்துண்டை இந்த டிஷ்ஷில் ஷீட்டாக, அதாவது செல்கள் ஒன்றோடொன்று இணைந்த மெல்லிய தாளாக, வளர்த்துக் கண்ணில் வைத்தார். தையல் போடவில்லை. ஷீட்டின் அடியில் ஒட்டுப்புரதங்கள் அப்படியே இருந்ததால் அது தானே பிடித்துக்கொண்டது. இந்தத் துறைக்குள் வருபவர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன்.

கீழே எழுதியிருப்பது எம்.எஸ்சி. ப்ராஜெக்டாகவோ பிஹெச்டியின் தொடக்கத்திலோ இந்த வேலையை எடுப்பவர்களுக்கு. பாலிமர் சுலபம், செல்லும் சுலபம். நடுவிலிருக்கும் சில நானோமீட்டர் கனத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அதனால் உங்கள் கவனத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

பாலிமரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அதன் முழுப்பெயர் பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு. லேபில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி-நிபாம் என்போம். அதன் சங்கிலியில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. அமைடு பகுதி தண்ணீருடன் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஐசோபுரோப்பைல் பகுதி தண்ணீருடன் சேராது. அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். குளிர்ச்சியில் ஹைட்ரஜன் பிணைப்பின் கை ஓங்கியிருப்பதால் சங்கிலி நீரில் விரிந்து கரைந்திருக்கும். சூடு ஏற ஏற, அந்த நீர் மூலக்கூறுகளை ஒழுங்காக நிறுத்திவைப்பது இயற்கைக்குக் கட்டுப்படியாகாது. ஏறத்தாழ 32 டிகிரியில் நீர் விலகிப்போக, சங்கிலி சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது. டொராண்டோவில் ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் 1968-இல் இந்த நடத்தையை விரிவாக எழுதினார்கள்.

உடல் வெப்பம் 37. பாலிமர் மாறும் இடம் 32. இந்த 5 டிகிரி இடைவெளிதான் பி-நிபாமை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. 37-இல் பூச்சு சுருங்கி, ஓரளவு நீரை ஒதுக்கும் பரப்பாக இருக்கும். மீடியத்திலுள்ள (செல் வளரும் ஊட்டத் திரவத்திலுள்ள) புரதம் அதில் படியும், செல் வந்து ஒட்டும். 20-இல் பூச்சு நீரை உள்வாங்கி உப்பும். செல்லுக்குப் பிடி கிடைக்காது.

சோதனைக் குழாயில் ஒரு நாள்

செல்லைத் தொடும் முன் பாலிமரை மட்டும் வைத்து ஒரு நாள் வேலை செய்யுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

பி-நிபாமைப் பாலிமராகவே வாங்குங்கள். மோனோமரை (சங்கிலியின் தனி அலகை) வாங்கி நீங்களே பாலிமராக்குவது அடுத்த கட்டம். அக்ரிலமைடு குடும்பத்தைச் சேர்ந்த அந்த மோனோமர் நச்சுத்தன்மை உடையது. கையுறையும் ஃப்யூம் ஹுட்டும் இல்லாமல் அதை எடுக்கவே கூடாது. பாலிமராக வாங்கினாலும் மீந்த மோனோமர் எவ்வளவு என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள்.

நூற்றுக்கு ஒரு பங்கு கரைசல் போதும். இங்கே நம் ஊர் வெயிலை மறக்கக்கூடாது. கட்டுரைகளில் "அறை வெப்பநிலையில் கரைக்கவும்" என்று எழுதியிருப்பார்கள். அது 20, 25 டிகிரி. மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை 32-ஐத் தாண்டிவிடும். அங்கே பி-நிபாம் கரையாது, கட்டிகட்டியாகத் திரளும். குளிர்ந்த நீரில் தூவி, ஃப்ரிட்ஜுக்குள் இரவு முழுக்க வைத்துவிட்டால் காலையில் தெளிந்த கரைசல் இருக்கும்.

அதை வாட்டர் பாத்தில் தெர்மாமீட்டருடன் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். 30, 31 வரை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் திரவம் 32-ஐ ஒட்டி அரிசி களைந்த தண்ணீராக வெளுக்கும். வெளியே எடுத்து ஐஸில் வையுங்கள், மறுபடி தெளியும். எத்தனை முறை செய்தாலும் இப்படியே. பிறகு அதே பாலிமரை பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலிலும், நீங்கள் பயன்படுத்தப்போகும் கல்ச்சர் மீடியத்திலும் கரைத்துப் பாருங்கள். உப்பு இருப்பதால் வெளுக்கும் வெப்பநிலை சற்றுக் கீழே இறங்கும். உங்கள் மீடியத்தில் அது எத்தனை டிகிரி என்பதை நோட்டில் குறித்துவையுங்கள். பின்னால் டிஷ்ஷை எவ்வளவு குளிர்விக்க வேண்டும் என்று தீர்மானிக்கும்போது தேவைப்படும்.

எந்தப் பூச்சில் தொடங்குவது

மூன்று வழிகள் உண்டு. கடையில் கிடைக்கும் டிஷ் ஒன்று: அப்செல் என்ற பெயரில் விற்கிறார்கள். விலை அதிகம். ஆனாலும் கொஞ்சமாவது வாங்கிவையுங்கள் என்பது என் கருத்து. நீங்கள் செய்த பூச்சு வேலை செய்யாதபோது குற்றம் பூச்சிலா செல்லிலா என்று சொல்ல ஒரு நம்பகமான ஒப்பீடு வேண்டும். அது இல்லாமல் மாதக்கணக்கில் இருட்டில் துழாவுபவர்கள் உண்டு.

இரண்டாவது, ஒகானோ குழுவின் மூல முறை. மோனோமர் கரைசலை பாலிஸ்டைரின் டிஷ்ஷில் பரப்பி எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவார்கள். பாலிமராவதும் டிஷ்ஷுடன் பிணைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கருவி வசதியுள்ள இடங்களில் மட்டுமே முடியும். ஆனால் இந்த முறையிலிருந்து கிடைத்த ஒரு பாடம் எல்லோருக்கும் பொது. பூச்சின் கனம் 15 முதல் 20 நானோமீட்டர் இருந்தால் 37-இல் செல் ஒட்டுகிறது, குளிரில் விடுகிறது. 30-ஐ நெருங்கிவிட்டால் 37-இலேயே செல் ஒட்டுவதில்லை. டிஷ்ஷின் பரப்புக்கு அருகிலுள்ள சங்கிலிகள் அடித்தளத்தின் பிடியில் இறுகி, நீர் வற்றி இருக்கின்றன. கனம் கூடும்போது மேலேயுள்ள சங்கிலிகள் தளர்ந்து, 37-இலும் கொஞ்சம் நீரோடு இருந்துவிடுகின்றன. கண்ணாடியில் இதே வகைப் பூச்சுக்கு அளவு இன்னும் சிறியது, சில நானோமீட்டர்தான். ஆகவே ஒரு கட்டுரையில் பார்த்த எண்ணை வேறு அடித்தளத்துக்கோ வேறு முறைக்கோ அப்படியே தூக்கி வைக்காதீர்கள்.

மூன்றாவது, சாதாரண வேதியியல் லேபிலேயே செய்யக்கூடிய ஸ்பின் கோட்டிங்: கரைசலை ஊற்றி வேகமாகச் சுழற்றி மெல்லிசாகப் பரப்புவது. கீழே விவரிப்பது அதைத்தான்.

கையில் பணமில்லாத கல்லூரி லேபுக்கு மெத்தில் செல்லுலோஸும் இருக்கிறது. சூட்டில் ஜெல்லாகும், குளிரில் கரையும், மலிவு. ஆனால் குளிர்விக்கும்போது பூச்சும் கரைந்து ஷீட்டோடு வந்துவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செய்முறை வகுப்புக்கு நல்லது.

கண்ணாடியில் நீங்களே பூச

கவர்ஸ்லிப்பை சோப்புத்தண்ணீர், தண்ணீர், எத்தனால் என்று வரிசையாக சோனிகேட்டரில் கழுவி, ஆக்சிஜன் பிளாஸ்மாவோ யூ.வி.-ஓசோனோ கொடுங்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலைச் சில குறிப்புகள் சொல்லும். புதியவர்கள் தனியாக அதன் பக்கம் போகவேண்டாம். கரிமப் பொருள் பட்டால் வெடிக்கக்கூடியது.

நீரற்ற எத்தனாலில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு பி-நிபாமைக் கரைத்து, அதில் கொஞ்சம் அமினோபுரோப்பைல் ட்ரைஎதாக்சி சிலேன் சேருங்கள். ஈரம் பட்டால் இந்த சிலேன் பாட்டிலுக்குள்ளேயே கெட்டிப்படும்; திறந்து பல மாதமான பாட்டிலை நம்பாதீர்கள், கலந்த கரைசலை அன்றே பயன்படுத்திவிடுங்கள். நிமிடத்துக்கு 2000 சுற்று நல்ல தொடக்கம். கரைசலின் அடர்த்தியும் சுற்றும் வேகமும் கனத்தைத் தீர்மானிக்கும். பின் வேக்குவம் அவனில் 160 டிகிரி அளவில், நாள்கணக்கில் வையுங்கள். உலர்ந்த பி-நிபாம் இளகத் தொடங்கும் வெப்பநிலையை விட இது அதிகம் என்பதால் சங்கிலிகள் அசைந்து, சிலேன் தனக்குள் பிணைந்து உண்டாக்கும் வலைக்குள் புகுந்துகொள்ளும். சிலேன் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கழுவுதல். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை அடிக்கோடிடச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வலையில் சிக்காத பாலிமர் முழுவதையும் குளிர்ந்த நீரில் வெளியேற்றுங்கள். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில், தண்ணீரை மாற்றி மாற்றி, ஓர் இரவாவது. வெதுவெதுப்பான நீரில் கழுவினால் பாலிமர் கரையாது, கழுவியதாக நினைத்து ஏமாறுவீர்கள். சரியாகக் கழுவாத பூச்சில் செல்கள் அழகாகவே கழன்று வரும். கரைந்த பாலிமரும் கூடவே வரும். அந்த முடிவை வைத்து எழுதும் எதற்கும் மதிப்பில்லை, அந்த ஷீட்டை ஓர் உயிருக்குள் வைக்கவும் முடியாது.

பூச்சு இருக்கிறதா?

கண்ணுக்குத் தெரியாது. அளந்துதான் ஆகவேண்டும். கண்ணாடியில் எலிப்சோமீட்டர் (ஒளியால் கனம் அளக்கும் கருவி) வைத்து மெல்லிய பூச்சை அளப்பது கடினம், ஏனென்றால் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் அருகருகே. ஒவ்வொரு தடவை பூசும்போதும் ஒரு சிலிக்கான் வேஃபர் துண்டையும் சேர்த்துப் பூசி, அதில் அளவெடுங்கள். கழுவும் முன் ஒருமுறை, கழுவிய பின் ஒருமுறை. எவ்வளவு நின்றது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும்.

பாலிஸ்டைரின் டிஷ் என்றால் ஏ.டி.ஆர். முறையில் (பரப்பை ஒட்டிய பகுதியைப் பார்க்கும் முறை) எஃப்.டி.ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்பு நிறமாலை, எடுங்கள். பாலிஸ்டைரினின் பென்சீன் வளையம் 1600 cm⁻¹ அருகே தெரியும். பி-நிபாமின் அமைடு 1650 அருகே. இரண்டின் விகிதத்திலிருந்து பாலிமரின் அளவைக் கணக்கிடலாம். எக்ஸ்.பி.எஸ்.ஸில் (எக்ஸ்-கதிரால் பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் முறை) நைட்ரஜனைத் தேடுவதும் வழக்கம். பாலிஸ்டைரினில் நைட்ரஜன் கிடையாது என்பதால் அங்கே அது நல்ல சாட்சி. நாம் மேலே செய்த கண்ணாடிப் பூச்சிலோ சிலேனிலேயே நைட்ரஜன் உண்டு. அதைப் பார்த்து பாலிமர் வந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

நீர்த்துளி பரப்போடு செய்யும் தொடுகோணத்தை 20-லும் 37-லும் எடுத்தால் 37-இல் கோணம் பெரிதாக இருக்கவேண்டும். சூடான தட்டில் துளி சீக்கிரம் வற்றிவிடுவதால், பரப்பை நீருக்குள் தலைகீழாக மூழ்கவைத்து அடியிலிருந்து காற்றுக்குமிழியை ஒட்டவிட்டு அளப்பது நம்பகமானது.

செல்களை வளர்ப்பது

எல்929 அல்லது 3டி3 எனும் எலி ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு) செல்களில் தொடங்குங்கள். மலிவு, முரட்டுத்தனம் தாங்கும். எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லையோ நோயாளியின் செல்லையோ கற்றுக்கொள்ளும் கட்டத்தில் வீணாக்க வேண்டாம்.

இனிமேல் எல்லாமே வெதுவெதுப்பு. வழக்கமான கல்ச்சரில் மீடியம் அறைச்சூட்டில் இருந்தாலும் பெரிய நட்டமில்லை. இங்கே டிஷ்ஷின் வெப்பநிலை 32-க்குக் கீழே போன கணத்திலிருந்து செல் பிடியை இழக்கத் தொடங்கும். கல்ச்சர் அறைகளில் ஏசி 22-இல் ஓடும். மைக்ரோஸ்கோப்பின் உலோகத் தட்டு அதைவிடக் குளிர்ச்சியாகத் தோன்றும். டிஷ்ஷை அதில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால், திரும்பி வரும்போது ஓரங்கள் மடங்கியிருக்கும். மீடியம், பி.பி.எஸ். இரண்டையும் 37-இல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனமான அலுமினியத் துண்டை இன்குபேட்டரில் சூடாக்கி கல்ச்சர் ஹுட்டுக்குள் வைத்து, அதன்மேல் டிஷ்ஷை வைத்து வேலை செய்வது எளிய, நல்ல ஏற்பாடு. சூடேற்றும் மைக்ரோஸ்கோப் ஸ்டேஜ் இருந்தால் இன்னும் நல்லது.

ஷீட் வேண்டுமென்றால் செல்கள் இடைவெளியின்றி நிரம்பிய பிறகும் சில நாள் பொறுங்கள். நிரம்பிய அன்றே எடுத்தால் கந்தலாக வரும். ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களுக்கு நிலையான வகை வைட்டமின் சி-யை மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சேர்த்தால் கொலாஜன் நன்றாகப் படியும், ஷீட் உறுதியாகும்.

உரித்தெடுப்பது

புதியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள். குளிர்ந்தால் கழலும் என்றால், ஐஸில் வைத்தால் இன்னும் வேகமாகக் கழலுமே? இல்லை. ஒகானோ குழு 1990-களிலேயே இதைச் சோதித்தது. பூச்சு நீரை உறிஞ்சுவது முதல் படி மட்டுமே. அதன்பின் செல் தன் உள் எலும்புக்கூட்டை (வடிவத்தைத் தாங்கும் புரத இழைகளை) இழுத்துச் சுருக்கி, தானே உருண்டு எழவேண்டும். அதற்கு அது ஆற்றல் செலவிடுகிறது. சோடியம் அசைடு கொடுத்து ஆற்றல் உற்பத்தியை முடக்கியபோது கழல்வது தடைபட்டது. 4 டிகிரியில் பூச்சு நன்றாக உப்பும், செல்லோ மரத்துப்போய்விடும். ரத்தக்குழாய் உட்சுவர் செல்களுக்கு 20 டிகிரி அளவு நன்றாக வேலை செய்தது, கல்லீரல் செல்களுக்கு 10 அளவு. உங்கள் செல்லுக்கு எது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். 20-இல் தொடங்குங்கள், அரைமணி முதல் ஒரு மணி நேரம் கொடுங்கள். மேசைமேல் வைக்காமல் 20-க்கு அமைத்த குளிர் இன்குபேட்டரில் வையுங்கள். மேசையின் வெப்பநிலை மின்வெட்டையும் வெயிலையும் பொறுத்தது.

முதலில் ஓரம் எழும். வட்டமாக உள்நோக்கிச் சுருங்கும். செல்கள் வளரும்போது சேர்த்துவைத்த இழுவிசை அது. சும்மா விட்டால் ஷீட் சிறுத்து, தடித்து, மடங்கிவிடும். எனவே குளிர்விக்கும் முன்பே மீடியத்தை உறிஞ்சி எடுத்து, ஈரமான பி.வி.டி.எஃப். மெம்பிரேனை (மெல்லிய பிளாஸ்டிக் சவ்வை) ஷீட்டின் மேல் படியவையுங்கள். கண் சிகிச்சையில் நடுவில் துளையிட்ட வளையமாக அதை வெட்டிக்கொள்வார்கள். குளிர்ந்தபின் ஃபோர்செப்ஸால் மெம்பிரேனின் ஒரு முனையைப் பிடித்து மிக மெதுவாகத் தூக்குங்கள். ஷீட் அதனுடன் வரும். எங்காவது இழுத்துப்பிடித்தால் அங்கேயே நிறுத்தி, இன்னும் சில நிமிடம் குளிரவிடுங்கள். பிப்பெட்டால் பீய்ச்சாதீர்கள்.

கன்ட்ரோல் (ஒப்பீட்டு டிஷ்) இல்லாமல் இதில் எதையும் நம்ப முடியாது. பூச்சுள்ள டிஷ்ஷைக் குளிர்வித்தது, பூச்சுள்ளதைக் குளிர்விக்காதது, பூச்சில்லாததைக் குளிர்வித்தது, ட்ரிப்சின் போட்டது என்று நான்கும் ஒரே நாளில், ஒரே செல்லில் வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிரும் பிப்பெட்டின் வேகமுமே சில செல்களைக் கழற்றிவிடும் என்பதால் அது இல்லாமல் பூச்சின் பங்கைச் சொல்ல முடியாது. எழுந்த ஷீட்டில் இறந்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரிப்பான் புளூ சாயத்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள், ஃபைப்ரோனெக்டினுக்குச் சாயமிட்டு அடிப்பரப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், புது டிஷ்ஷில் வைத்து ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இதிலிருந்து எங்கே போகலாம்

ஷீட்டை ஷீட்டின் மேல் அடுக்கலாம். இதயத்தசைச் செல் ஷீட்டுகளை அடுக்கியபோது அவை ஒன்றாகத் துடித்ததை ஒகானோவின் சகாவான தத்சுயா ஷிமிசு 2002-இல் காட்டினார். ஆனால் ரத்தக்குழாய் இல்லாத அடுக்கு தடிக்கத் தடிக்க உள்ளே ஆக்சிஜன் எட்டாது. 80 மைக்ரோமீட்டர் அளவில் ஒரு வரம்பு வந்துவிடுகிறது.

சென்னையில் சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இதே குடும்பத்துப் பாலிமரை வேறு வடிவில் பயன்படுத்தினார்கள். குளிரில் திரவமாகவும் சூட்டில் ஜெல்லாகவும் இருக்கும் மெபியோல் ஜெல்லில் கருவிழி ஓரத்துச் செல்களை வளர்த்து முயல்களின் கண்ணில் வைத்து 2009-இல் வெளியிட்டார்கள். பூச்சு உங்களுக்கு ஒத்துவராவிட்டால் ஜெல் ஒரு மாற்று.

பூச்சு வெற்றிபெற்றால் சிகிச்சை வெற்றிபெற்றதாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். தொடைத்தசைச் செல் ஷீட்டை இதயத்தில் ஒட்டும் ஹார்ட்ஷீட்டுக்கு ஜப்பான் 2015-இல் நிபந்தனையுடன் அனுமதி தந்தது. பயன் நிறுவப்படவில்லை என்று 2024-இல் நிபுணர் குழு சொல்லிவிட, முழு அனுமதி கிடைக்கவில்லை. ஷீட் சரியாகவே உரிந்து வந்தது. நோயாளிக்குப் பலன் உண்டா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சான்று வேண்டும்.

சரியாக வராதபோது

37-இலேயே செல் ஒட்டவில்லை என்றால் பூச்சு கனமாக இருக்கலாம், அல்லது விதைத்தபோது மீடியம் குளிர்ந்திருக்கலாம். முதலில் மீடியத்தைச் சரிபாருங்கள், செலவில்லாதது. அதுவும் சரியென்றால் கரைசலின் அடர்த்தியைப் பாதியாக்கிப் பூசுங்கள்.

ஒட்டுகிறது, ஆனால் குளிரில் விடவில்லை என்றால் பூச்சு போதவில்லை அல்லது திட்டுத்திட்டாக இருக்கிறது. ஸ்பின் கோட்டிங்கில் மூலைகளில் இப்படி ஆகும். சதுர கவர்ஸ்லிப்பை விட்டு வட்டத்துக்கு மாறுங்கள். செல் வகையையும் யோசியுங்கள்: இறுகப் பிடிக்கும் செல்லுக்கு இன்னும் நேரம் கொடுத்துப் பாருங்கள், பிறகு வெப்பநிலையை 2, 3 டிகிரி மாற்றிப் பாருங்கள்.

முதல் தொகுதி நன்றாக வந்து அடுத்தது வராவிட்டால், பெரும்பாலும் சிலேன் பாட்டில்தான் காரணம். புதிய பாட்டிலைத் திறந்து, தேதியை அதன்மேல் எழுதி, உலர் நைட்ரஜன் நிரப்பி மூடிவையுங்கள்.